கையுறையைக் கழற்றச் சொல்லுங்கள்

கேள்வி: ஐயா, அன்னூர் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் கேட், கிரில் செய்யும் சிறிய வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறோம். சோலார் பேனல் மாட்டுகிறவர்களிடமிருந்து பேஸ் பிளேட் ஆர்டர் கிடைத்திருக்கிறது. 150 மி.மீ. சதுரம், 5 மி.மீ. கனம், எம்.எஸ். பிளேட். ஒவ்வொன்றிலும் நான்கு மூலையில் 10 மி.மீ. ஓட்டை. அதற்காக 13 மி.மீ. பெஞ்ச் டிரில்லிங் மிஷின் ஒன்றைப் பழையதாக வாங்கினோம். என் தம்பிதான் அதில் நிற்கிறான். போன வாரம் ஓட்டை முடிகிற நேரத்தில் பிட் கவ்வி, அவன் கையில் பிடித்திருந்த பிளேட் சுழன்று இடது கையில் அடித்துவிட்டது. கட்டை விரலுக்குக் கீழே ஆறு தையல். நல்லவேளை, எலும்பில் படவில்லை. உடனே நல்ல லெதர் கையுறை வாங்கிக் கொடுத்தேன். "இனி பயமில்லை அக்கா" என்கிறான். பிளேட்டைக் கட்டிவிட்டுத்தான் ஓட்டை போட வேண்டும் என்று வீட்டுக்காரர் சண்டை போடுகிறார். ஒரு நாளைக்கு 200 பிளேட், ஒவ்வொன்றையும் கட்டி அவிழ்த்தால் வேலை ஓடாது என்கிறான் தம்பி. யார் சொல்வது சரி? கையுறை போதுமா? இன்னொன்று: எங்கள் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும். வந்ததும் மிஷின் தானாகவே ஓடத் தொடங்குகிறது. அதனால் ஆபத்து உண்டா?

— வாசகி, அன்னூர்

பதில்: அம்மா, மற்றதெல்லாம் பிறகு. இன்றைக்கே உங்கள் தம்பியிடம் சொல்லி அந்தக் கையுறையைக் கழற்ற வையுங்கள். நீங்கள் அக்கறையோடுதான் வாங்கிக் கொடுத்தீர்கள். ஆனால் டிரில்லிங் மிஷின் முன்னால் கையுறை போட்டு நிற்பது, வெறுங்கையோடு நிற்பதைவிட ஆபத்து.

வெறும் விரல் சுழலும் பிட்டில் உரசினால் தோல் கிழியும், ரத்தம் வரும், கை பின்னால் வந்துவிடும். கையுறையின் விரல் நுனியோ தையல் நூலோ பிட்டில் மாட்டினால் அது கிழியாது. பிட்டைச் சுற்றிக்கொள்ளும். உள்ளே இருக்கும் விரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். லெதர் எவ்வளவு கெட்டியோ, வெட்டுப்படாத கையுறை என்று இப்போது விற்பது எவ்வளவு கெட்டியோ, அவ்வளவுக்கு இந்த ஆபத்து அதிகம். விரல் பிய்ந்து வருவதும், தோல் முழுசாக உரிந்து வருவதும் இப்படித்தான் நடக்கின்றன. கத்தி வெட்டைத் தைத்துவிடலாம். பிய்ந்த விரலை மருத்துவர்கள் பாடுபட்டும் பல நேரம் காப்பாற்ற முடிவதில்லை. கையுறையைத் தூக்கி எறிய வேண்டாம். பிளேட்டைக் கட்டிங்கிலிருந்து தூக்கி வரவும், முடிந்த பிளேட்டை அடுக்கவும் போட்டுக்கொள்ளட்டும். மிஷின் ஓடும்போது கழற்றி வைத்துவிட வேண்டும்.

அடுத்து, அன்று நடந்தது என்ன என்று பார்ப்போம். அது தெரிந்தால் வீட்டுக்காரருக்கும் தம்பிக்கும் நடக்கும் சண்டை தானாகத் தீர்ந்துவிடும்.

பிட்டின் நுனியில், நடு மையத்தில், குறுக்காக ஒரு சின்ன மழுங்கிய விளிம்பு இருக்கும். அது இரும்பை வெட்டுவதில்லை, நசுக்கித் தள்ளுகிறது. நாம் ஹேண்டிலை அழுத்தும் பலத்தில் பெரும்பங்கு அதற்கே போகிறது. அந்த நுனி பிளேட்டுக்கு அடியில் எட்டிப் பார்த்த நொடியில் தடை சட்டென்று குறைந்துவிடும். ஆனால் தம்பியின் வலது கை அதே பலத்தோடுதான் ஹேண்டிலை இறக்கிக்கொண்டிருக்கும். அழுத்தத்தில் வளைந்திருந்த டேபிளும் மேலே எழும்பும். அதனால் ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டரின் ஏழில் ஒரு பங்கு இறங்கிக்கொண்டிருந்த பிட், ஒரேயடியாகப் பல மடங்கு இறங்கும். அப்போது ஓட்டையின் அடியில் மெல்லிய தோல் போல இரும்பு மிச்சம் இருக்கும். பிட்டின் இரண்டு உதடுகளும் அதில் கொக்கி போல மாட்டிக்கொள்ளும். பிட்டின் புரி பிளேட்டை மேலே ஏற்றும். மேலே ஏறிய பிளேட், பிட்டோடு சேர்ந்து சுற்றத் தொடங்கும். 'பிட் கவ்விவிட்டது' என்று பட்டறையில் சொல்வது இதைத்தான்.

உங்கள் பிளேட் கிட்டத்தட்ட 900 கிராம் எடை. மூலை ஓட்டை ஓரத்திலிருந்து 25 மி.மீ. தள்ளி இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். எதிர் மூலை பிட்டிலிருந்து 177 மி.மீ. தூரத்தில் இருக்கும். ஸ்பிண்டில் 800 ஆர்.பி.எம். ஓடினால், அந்த மூலை முழு வேகத்தை எட்டும்போது மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் போகும். வெட்டிய விளிம்பு, பிசிறு எடுக்காதது. 800 ஆர்.பி.எம்.மில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு விநாடியில் 13-ல் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு மனிதன் அதிர்ச்சியை உணர்ந்து கையை விடுவதற்கே சுமார் 0.2 விநாடி ஆகும். அதற்குள் பிளேட் இரண்டு சுற்றுக்கு மேல் வந்துவிடும். தம்பிக்கு எவ்வளவு அனுபவம் இருந்தாலும், எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும், இந்தக் கணக்கை அவன் ஜெயிக்க முடியாது. எனவே உங்கள் வீட்டுக்காரர் சொல்வதுதான் சரி. ஜாப்பை இரும்புதான் பிடிக்க வேண்டும், கை பிடிக்கக் கூடாது.

பவர் பிரஸ்ஸைப் பார்த்தாலோ, பெரிய லேத்தைப் பார்த்தாலோ எல்லாருக்கும் ஒரு பயம் இருக்கிறது. டிரில்லிங் மிஷினைக் கண்டால் அந்தப் பயம் இல்லை. மேஜை மேல் நிற்கிறது, அரை எச்.பி. மோட்டார், ஒரு ஓட்டைதானே என்று கடை வேலைக்கு வந்த பையனைக்கூட முதல் நாளே அதில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபமே வருகிறது. அரை எச்.பி. மோட்டார் 800 ஆர்.பி.எம்.மில் கொடுக்கும் முறுக்கு, ஓட்டையிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பிடித்திருக்கும் கைக்கு நாலரைக் கிலோ இழுப்பு. அது சாதாரண ஓட்டத்தில். பிட் கவ்வி நிற்கும் நொடியில் மோட்டார் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்கும். சுழன்றுகொண்டிருக்கும் சக், புல்லியின் வேகமும் அதோடு சேரும்.

இனி தம்பியின் 200 பிளேட் கணக்கு. அவன் கவலையும் நியாயமானதுதான். ஒவ்வொரு பிளேட்டையும் வைஸில் வைத்து, சமம் பார்த்து, இறுக்கி, அவிழ்த்தால் பொழுது போய்விடும். ஆனால் அவனுடைய நேரம் எங்கே போகிறது என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். 5 மி.மீ. கனத்தில் ஒரு ஓட்டை வெட்டப்பட ஆகும் நேரம் நாலைந்து விநாடிதான். மீதி முழுக்கக் குறி போடுவது, சென்டர் பஞ்ச் அடிப்பது, பஞ்ச் வைத்த புள்ளியைப் பிட்டுக்கு நேராகக் கொண்டுவந்து சேர்ப்பது. ஒரு ஜிக் செய்துவிட்டால் இந்த மூன்றும் இல்லாமல் போய்விடும். ஜிக்கும் நீங்களே செய்யக்கூடியதுதான், வெல்டிங் பட்டறைதானே வைத்திருக்கிறீர்கள்.

ஒரு 12 மி.மீ. பிளேட் எடுத்து மிஷின் டேபிளில் போல்ட் போட்டு முடுக்குங்கள். பிட் வந்து இறங்கும் இடத்தில் 14 மி.மீ. ஓட்டை இருக்கட்டும், சுருள் கீழே விழ வழி வேண்டும். அதே நேரம் ஓட்டையைச் சுற்றிப் பிளேட்டுக்கு அடியில் முழுத் தாங்கலும் கிடைக்கும். அதன் மேல் இரண்டு ஆங்கிள் துண்டுகளை, ஒன்று பின்பக்கம், ஒன்று வலப்பக்கம், செங்கோணத்தில் வெல்ட் வையுங்கள். இரண்டும் சேரும் மூலையில் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் அங்கே தூள் அடைத்துக்கொண்டு அளவு மாறிவிடும். ஆங்கிளின் பக்கத்தைத் தவறவிடாதீர்கள். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுகிறது. பின்பக்கமும் வலப்பக்கமும் தடை இருந்தால், ஓட்டைக்கு இடப்புறம் நீண்டிருக்கும் பிளேட் சுழல முயலும்போது பின்பக்க ஆங்கிளில் முட்டி நின்றுவிடும். இடப்பக்கம் ஆங்கிள் வைத்தால், பிளேட் பின்பக்க ஆங்கிளை விட்டு விலகி உங்கள் தம்பி நிற்கும் பக்கம் வரப் பார்க்கும்.

ஆங்கிள் சுழற்சியைத் தடுக்கும், மேலே ஏறுவதைத் தடுக்காது. அதற்கு டாகிள் கிளாம்ப் இரண்டு போடுங்கள். கைப்பிடியை ஒரு தட்டு தட்டினால் பிடிக்கும், ஒரு தட்டில் விடும். கோவையில் டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். நான்கு ஓட்டையும் ஓரத்திலிருந்து சம தூரத்தில் இருந்தால் ஜிக்கை நகர்த்தவே வேண்டாம். ஒரு ஓட்டை போட்டு, பிளேட்டைக் கால் சுற்றுத் திருப்பி மறுபடி மூலையில் சேர்த்தால் அடுத்தது. டேபிளைப் பில்லரில் நன்றாகப் பூட்டிவிட்டால் பஞ்ச் அடிக்கக்கூடத் தேவையில்லை. ஆரம்பத்தில் பிட் நழுவி விளையாடுகிறது என்றால் 135 டிகிரி ஸ்பிளிட் பாயின்ட் பிட் வாங்கிப் போடுங்கள். இப்படி ஓட்டினால் தம்பி இன்றைக்குப் போடுவதைவிட அதிகம் போடுவான், அளவும் ஒன்று போல வரும். பம்ப் கம்பெனிகளில் காலங்காலமாக இப்படித்தான் ஓட்டை போடுகிறார்கள்.

ஜிக் இல்லாமல் ஒன்றிரண்டு ஜாப் வரும்போது வைஸ்தான். வைஸையும் டேபிளில் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும். வைஸை டேபிளில் சும்மா வைத்துக் கையால் பிடிப்பது பாதிப் பாதுகாப்புகூட இல்லை. வைஸே சுழன்றால் பிளேட்டைவிடப் பலமாக அடிக்கும். வைஸில் அடங்காத பெரிய தகட்டை இரண்டு கிளாம்ப் போட்டு டேபிளோடு இறுக்குங்கள். கிளாம்ப்பின் பின்னால் வைக்கும் பேக்கிங் ஜாப்பின் உயரமே இருக்க வேண்டும். போல்ட் பேக்கிங்கைவிட ஜாப்புக்குக் கிட்டே இருக்க வேண்டும். நீளமான பட்டை என்றால் அதன் மறுமுனை பில்லரின் இடப்பக்கம் அணைந்து நிற்கட்டும். கம்பி, பைப் என்றால் வி-பிளாக். மெல்லிய தகட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டை, மேலே ஒரு மரக்கட்டை, மூன்றையும் சேர்த்து இறுக்கி ஓட்டை போட்டால் கவ்வாது. விரல் நீளமே உள்ள துண்டுகளைத்தான் எல்லாரும் கையில் பிடிக்கிறார்கள். அவற்றுக்குத்தான் ஹேண்ட் வைஸ் கட்டாயம் வேண்டும்.

பழைய மிஷின் வாங்கியிருக்கிறீர்கள் என்பதால் பெல்ட் எந்தப் புல்லிப் படியில் கிடக்கிறது என்று பாருங்கள். முன்பு வைத்திருந்தவர் சின்னப் பிட்டுக்கு வேகமாக ஓட்டியிருக்கலாம். வாங்கியவர்கள் அதை மாற்றுவதே இல்லை. எம்.எஸ்.ஸுக்கு, சாதாரண ஹெச்.எஸ்.எஸ். பிட்டுக்கு, எளிமையான கணக்கு உண்டு: 8,000-ஐப் பிட்டின் விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். வரும். 10 மி.மீ.க்கு 800, 6 மி.மீ.க்கு சுமார் 1,300, 12 மி.மீ.க்கு 670. எஸ்.எஸ். என்றால் அதில் பாதி. அலுமினியத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் போகலாம். கணக்கில் வரும் எண் உங்கள் புல்லியில் இல்லையென்றால் அதற்குக் கீழே உள்ள படியைப் போடுங்கள். 10 மி.மீ. பிட்டை 2,000-க்கு மேல் ஓட்டினால் நுனி நீலமாகிச் செத்துப்போகும். செத்த பிட்டுக்கு அதிக அழுத்தம் வேண்டும். அதிக அழுத்தம் கொடுத்தால் மேலே சொன்னேனே, ஓட்டை முடியும் நேரத்தில் அந்த எகிறல் இன்னும் மோசமாகும். பெல்ட்டை மாற்றும்போது ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். மூடி இல்லாத பெல்ட் என்றால் மூடி செய்து போடும் வரை மிஷினை ஓட்ட வேண்டாம்.

தம்பிக்கு ஒன்று பழக்குங்கள்: ஓட்டை முடியப்போகும் நேரத்தைக் காதால் அறிவது. பிட் முழு இரும்பில் வெட்டும்போது ஒரே சீரான சத்தம் வரும். நுனி கீழே எட்டியதும் சத்தம் மாறும், ஹேண்டிலில் ஒரு நடுக்கம் வரும். அங்கேயே கையைத் தளர்த்தி, மீதியைப் பிட்டின் போக்கில் மெதுவாக இறக்க வேண்டும். ஜிக்கில் கட்டியிருந்தாலும் இப்படித்தான். இல்லாவிட்டால் பிட் உடைந்து தெறிக்கும்.

சுருளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எம்.எஸ்.ஸில் நல்ல பிட் போட்டால் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் போல நீளமாகச் சுருள் எழும். பார்க்க அழகாக இருக்கும், சாட்டை போலச் சுழன்று கையைக் கிழிக்கும். ஒரே மூச்சாக இறக்காமல் நடுவில் நொடி நேரம் ஹேண்டிலைத் தளர்த்தினால் சுருள் அறுந்து விழுந்துவிடும். டேபிளில் சேர்ந்த சுருளை மிஷினை நிறுத்திவிட்டுப் பிரஷ்ஷால் தள்ளுங்கள், பிட்டில் சுற்றியதைக் கம்பிக் கொக்கியால் இழுங்கள். உங்கள் பகுதிப் பட்டறைகளில் எல்லா மிஷின் பக்கத்திலும் ஒரு மூட்டை பனியன் வேஸ்ட் கிடக்கும். ஓடும் பிட்டை அதால் துடைப்பதும், எண்ணெயில் நனைத்து ஓட்டையில் வைப்பதும் நான் நிறையப் பார்த்த பழக்கம். ஒரு நூல் பிட்டில் மாட்டினால் மொத்தத் துணியும் போகும், அதைப் பிடித்திருக்கும் கையும் போகும். கட்டிங் ஆயிலுக்குச் சின்ன ஆயில் கேன் ஒன்று வாங்கி வையுங்கள். பனியன் வேஸ்ட் மூட்டையை மிஷினிலிருந்து கை எட்டாத தூரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

நீங்களும் சில நேரம் மிஷினில் நிற்பீர்கள் என்று நினைக்கிறேன். பெஞ்ச் மிஷினில் சக் சரியாக நம் முகத்துக்கு முன்னால் சுற்றும். ஓட்டை சரியாக விழுகிறதா என்று குனிந்தால் பின்னல் முன்னால் வந்து விழும். கொண்டை போட்டுத் தொப்பிக்குள் அடக்கிவிடுங்கள். முந்தானை, துப்பட்டா எதுவும் வேண்டாம், மேலே பட்டன் போட்ட ஓவர்கோட் போதும். தம்பிக்கு லுங்கி கூடாது, முழுக்கைச் சட்டை என்றால் முழங்கைக்கு மேல் இறுக்கி மடிக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் கோயில் கயிற்றைக் கழற்ற மனம் வராது, எனக்குத் தெரியும். ஆனால் கெட்டி நூலில் திரித்த கயிறு அறாது, கையைத்தான் இழுக்கும். மிஷினில் நிற்கிறவர்கள் அதைக் கழற்றிச் சாமி படத்தின் முன் வைத்துவிட்டு வரட்டும். மோதிரம், வளையல், வாட்ச், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, எல்லாமே அப்படித்தான். காலுக்குச் செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள்.

சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்ச் போட்டால் அது எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. இறுக்கி முடித்துக் கீயை அதன் இடத்தில் மாட்டிய பிறகுதான் அந்தக் கை வேறு எதையும் தொட வேண்டும். ஸ்பிரிங் வைத்த, தானாக வெளியே வரும் கீயும் கிடைக்கிறது. இறுக்கும்போது சக்கின் மூன்று துளைகளிலும் இறுக்குங்கள். அணைத்த பிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கைக் கையால் பிடித்து நிறுத்தும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

இப்போது கரண்ட் விஷயம். அது பெரிய ஆபத்து, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. கரண்ட் போனதும் தம்பி என்ன செய்வான்? சும்மா நிற்க மாட்டான். பிட்டை மாற்றுவான், சுருளை எடுப்பான், பெல்ட்டைத் தொட்டுப் பார்ப்பான். சாதாரண ஸ்விட்ச் 'ஆன்' நிலையிலேயே கிடக்கும். கரண்ட் வந்த நொடியில் அவன் விரல் எங்கே இருக்கிறதோ அங்கே மிஷின் ஓடும். இதற்குத் தீர்வு, பச்சை சிவப்பு பட்டன் வைத்த டி.ஓ.எல். ஸ்டார்ட்டர். அதற்குள் ஒரு காயில் இருக்கிறது. கரண்ட் இருக்கும் வரைதான் அது காந்தமாகி இணைப்பைப் பிடித்து வைக்கும். கரண்ட் போனால் விட்டுவிடும். மறுபடி யாராவது பச்சை பட்டனை அழுத்தினால்தான் ஓடும். உங்கள் மோட்டாரின் எச்.பி.யையும், சிங்கிள் பேஸா திரீ பேஸா என்பதையும் சொல்லி அதற்கேற்றதை எலக்ட்ரீஷியனை வைத்துப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: உங்கள் பக்கம் கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருப்பார்கள், கரண்ட் வந்ததும் தானாக ஓட்டிவிடும். தோட்டத்தில் வீணாகக் கிடக்கிறதே என்று அதைக் கொண்டுவந்து டிரில்லிங் மிஷினில் மாட்டிவிடாதீர்கள்.

சிவப்பு பட்டன் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பல பட்டறைகளில் ஸ்விட்ச் மிஷினுக்குப் பின்னால் சுவரில் இருக்கும். சுழலும் சக்கைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும். முன்பக்கம், இடது கைக்கு எட்டுகிற மாதிரி, பார்க்காமலே தட்டக்கூடிய பெரிய பட்டன் வையுங்கள். பிளேட் எப்படியோ கழன்று சுற்றத் தொடங்கினால் அதைப் பிடிக்கப் பாயக் கூடாது. பட்டனைத் தட்டிவிட்டுப் பின்னால் விலகி, முழுசாக நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். எலக்ட்ரீஷியன் வரும்போது எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள். மிஷினின் அடிப்பாகம் மேஜையோடு போல்ட் போடப்பட்டிருக்க வேண்டும். தலைப்பக்கம் கனமான மிஷின் அது, சாயும்.

பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். பவர் கிளாஸ் போட்டிருந்தாலும் அதன் மேலே, பக்கவாட்டும் மூடிய கண்ணாடி வேண்டும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே கண் பாதுகாப்புக்கென்று 35-ஆம் பிரிவு தனியாக எழுதப்பட்டது. உங்களைப் போல மூன்று பேர் இருக்கும் பட்டறைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வந்து பார்க்கப்போவதில்லை, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணில் தூள் விழுந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் துணி நுனியாலோ தீக்குச்சியாலோ எடுக்க முயல்வது எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. கருவிழியில் கீறல் விழும். இரும்பை எடுத்தாலும் துரு அங்கேயே தங்கும். தேய்க்காமல் நேராகக் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். விரல் துண்டாகிவிட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து, 108-ஐ அழையுங்கள். துண்டான பகுதியைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் பட்டால் சதை கெட்டுவிடும். உங்களுக்குக் கிட்டத்தில் கோவையிலேயே கங்கா மருத்துவமனை போல, துண்டான விரலை மீண்டும் பொருத்துவதில் தேர்ந்த இடம் இருக்கிறது. நேரம்தான் முக்கியம்.

தம்பியின் தையல் பிரித்து, விரல் முழுசாக மடங்கி நீள்கிறதா என்று மருத்துவர் பார்க்கும் வரை அவனை மிஷினில் நிறுத்தாதீர்கள். அதற்குள் ஜிக் தயாராகிவிடும்.

கேள்வி: வணக்கம் ஐயா. குத்துவிளக்குப் பட்டறையில் வேலை செய்கிறேன். பித்தளை வார்ப்பில் 6 மி.மீ. ஓட்டையை 10 ஆக்கும்போது பிட் திடீரென்று தானாகவே உள்ளே இழுத்துக்கொண்டு ஜாப்பையும் தூக்கிவிடுகிறது. புதுப் பிட் போட்டால் இன்னும் மோசமாக இழுக்கிறது. புதுசு என்றால் நன்றாகத்தானே வெட்ட வேண்டும்?

— வாசகர், நாச்சியார்கோவில்

பதில்: நன்றாக வெட்டுவதால்தான், தம்பி, பிட் இழுக்கிறது. இரும்புக்குச் செய்த பிட்டின் உதடு, புரியின் சாய்வினால் முன்னோக்கிச் சாய்ந்த உளி போல இருக்கும். இரும்பு எதிர்த்து நிற்பதால் அந்தச் சாய்வு தேவைப்படுகிறது. பித்தளை அப்படி எதிர்க்காது. கூரான உதடு தானாகவே உள்ளே தோண்டிக்கொண்டு போகும். நீங்கள் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையைப் பெரிதாக்குகிறீர்கள். பிட்டின் நடு நுனி வெறும் காற்றில் இருப்பதால், அது தரும் தடையும் இல்லை. உதட்டின் வெளி ஓரம் மட்டுமே வெட்டுகிறது, சாய்வு மிக அதிகமாக இருப்பதும் அங்கேதான். திருகாணி மரத்தில் இறங்குகிற மாதிரி பிட் இறங்கிவிடும்.

அந்தச் சாய்வைக் கொன்றுவிடுங்கள். நைஸான ஆயில் ஸ்டோன் ஒன்றை எடுத்து, பிட்டின் புரிப் பள்ளத்தின் பக்கம், உதட்டின் முன்முகத்தில் வைத்துத் தேயுங்கள். கல் பிட்டின் நீளத்துக்கு நேராக இருக்கட்டும். வெட்டும் விளிம்பு நெடுக அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு தட்டையான பட்டை பளபளவென்று தெரிந்தால் போதும். இரண்டு உதட்டிலும் ஒரே அளவில் வர வேண்டும். அந்த விளிம்பு தோண்டாது, சுரண்டிக்கொண்டு இறங்கும். எப்படி இறங்க வேண்டும் என்பதை உங்கள் கைதான் முடிவு செய்யும். முடிந்தால் 6-ல் போட்டுப் பெரிதாக்காமல் திடமான வார்ப்பிலேயே நேராக 10-ஐப் போடுங்கள். மிஷினில் டெப்த் ஸ்டாப் நட்டு இருந்தால் அதைப் பூட்டி வைத்தால், இழுத்தாலும் அந்த அளவோடு நின்றுவிடும்.

விளக்குத் தண்டு உருளையாக இருப்பதால் கையில் பிடிக்கத் தோன்றும். வி-பிளாக்கில் படுக்க வைத்துக் கிளாம்ப் போடுங்கள். பாலிஷ் போட்ட தண்டு என்றால் கிளாம்ப்புக்கு அடியில் ஒரு தோல் துண்டு வைத்தால் கீறல் விழாது. பித்தளைத் தூள் ஊசி ஊசியாகத் தெறிக்கும், கண்ணாடி இல்லாமல் குனியாதீர்கள்.

தேய்த்த பிட்டுகளின் தண்டில் பெயிண்ட் அடையாளம் வைத்துத் தனி டப்பாவில் போடுங்கள். தெரியாமல் யாராவது அதை எடுத்து எம்.எஸ்.ஸில் போட்டால் வெட்டாது, சூடேறி நிற்கும், அவர் பலம் போட்டு அழுத்துவார். சாணை பிடிக்கும்போது அந்தத் தட்டை தேய்ந்து போய்விடும். அதனால் ஒவ்வொரு தடவை சாணை பிடித்த பிறகும் கல்லில் மறுபடி தேய்த்துக்கொள்ளுங்கள்.